கூச்சத்துக்கு மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 34, தண்டையார்பேட்டை. கேரம் கிளப்பில் பழகியவர்களுடன் மணிக்கணக்கில் பேசுவேன். மனைவி வீட்டு விசேஷம் என்றால் முகம் சூடாகி, உள்ளங்கை வியர்த்து, வாய் வருவதில்லை. தலைக்கனம் பிடித்தவன் என்கிறார்கள். மூளையில் கோளாறா? நண்பர் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்கிறார். வீசிங்குக்கு இன்ஹேலர் எடுத்துவருகிறேன்.

பதில்: முதலில் அந்த மாத்திரையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது படபடப்பை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய்களைச் சுருக்கிவிடும். இன்ஹேலர் வேலை செய்வதையும் தடுக்கும்.

கோளாறு எதுவும் இல்லை. மூளையின் இரு பக்கமும் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவு பகுதி உண்டு. புது முகம், புது இடம் என்றால் விழித்துக்கொள்ளும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவே விழிக்கும். உடனே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது, முகத்து ரத்தக்குழாய்கள் விரிந்து சூடேறுகிறது. இரண்டு வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்கிய குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. பழகிய முகங்களைவிடப் புது முகங்களைக் கண்டபோது அவர்களின் அமிக்டலா மற்றவர்களைவிட அதிகம் தூண்டப்பட்டது. கிளப்பில் சரளமாகப் பேசுகிற நீங்கள் மண்டபத்தில் ஊமையாவதும் இதனால்தான். பிறவிக்கூறும் இதில் கணிசமாக உண்டு.

கூச்சம் வேறு, மனிதர்களோடு இருக்கும் ஆசை வேறு. சீக், பஸ் என்ற உளவியலாளர்கள் 1981இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். தனிமை பிடித்தவர் மண்டபத்து மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஆசையும் கூச்சமும் சேர்ந்திருப்பவர்தான் அதிகம் தவிப்பார். நீங்கள் அந்த ரகம். தலைக்கனம் என்பவர்களிடம் இதைச் சொல்ல உங்கள் மனைவியே சரியான ஆள்.

விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் அப்போதைக்கு நிம்மதி. அடுத்த முறை பயம் இன்னும் கூடும். கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். பந்தியில் சாம்பார் வாளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். படபடப்பு ஏறும்போது வெளியேறாமல், அது இறங்கும்வரை அங்கேயே இருங்கள். 'ஆபத்து இல்லை' என்று மூளை கற்றுக்கொள்வது அந்த நேரத்தில்தான். தைரியத்துக்கு ஒரு பெக் என்று எவராவது அழைத்தால் வேண்டாம். அது பழக்கமானால் கூச்சத்தோடு குடியும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் சும்மா இருக்கும்போதும் படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்ஹேலரை அடிக்கடி எடுத்தாலும் கை நடுங்கும், அதையும் கவனியுங்கள்.

பயத்தால் வேலையை, நல்லது கெட்டதை மாதக்கணக்கில் தவிர்க்கிறீர்கள் என்றால் அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் தரும் மாத்திரையும் நன்றாகவே பலன் தருகின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. நேரில் போகவும் கூச்சமாக இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.