கடல் கடந்து படிப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதுகலைப் படிப்புக்காக வெளிநாடு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் சில வாரங்கள் உற்சாகமாகக் கழிந்தன. இப்போதோ துணி துவைப்பதும் கடைக்குப் போவதும்கூட மலைப்பாக இருக்கின்றன. பேராசிரியரின் விரிவுரை புரிகிறது. சக மாணவர்களின் அரட்டையில் பாதி புரிவதில்லை. இங்கே வந்ததே தவறோ என்று தோன்றுகிறது.

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வே நாட்டவரிடம் விசாரித்த லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், தொடக்க உற்சாகம் வடிந்து மனம் தாழ்வதும் பிறகு மெல்ல நிமிர்வதும் இயல்பே என்று 1955-இல் எழுதினார். 1960-இல் வெளியான கட்டுரையில் மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க், புதிய பண்பாட்டில் விழுகிறவர்களிடம் காணும் அறிகுறிகளாக அளவுக்கு மீறிக் கை கழுவுதல், குடிநீரையும் படுக்கையையும் பற்றிய ஓயாத கவலை, எங்கோ வெறித்த பார்வை, சிறு தாமதத்துக்கும் பொங்கும் கோபம் ஆகியவற்றைச் சுட்டினார். இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வருவதில்லை என்றும், சிலருக்கு முதல் வாரங்களே மிகக் கடினமானவை என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, இந்நேரம் சரியாகியிருக்க வேண்டுமே என்று நாள்காட்டியைப் பார்த்து உங்களை நெருக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களைக் களைப்படையச் செய்வது, என் கணிப்பில், பெரிய துயரம் எதுவும் அன்று. யோசிக்காமலே செய்துவந்த வேலைகளுக்கெல்லாம் இப்போது யோசிக்க வேண்டியிருப்பதுதான். சலவை இயந்திரத்தின் முன் நிற்கும்போது, சட்டையின் துணிப்பட்டியிலுள்ள முக்கோணம் வெளுப்பானைக் குறிக்கிறதா, வட்டம் எதைக் குறிக்கிறது, சோப்புத்தூளை எந்த அறையில் போடுவது, எத்தனை டிகிரி வெப்பம் வைப்பது என்று வரிசையாக முடிவெடுத்தாக வேண்டும். அதே நாளில் பேராசிரியரை எப்படி விளிப்பது என்பதிலிருந்து வீட்டு ஒப்பந்தத்தைப் படிப்பது வரை மற்றவையும் காத்திருக்கும். இதற்கு மன உறுதியைவிடப் பழக்கமே உதவும். துவைக்கும் நாள், கடைக்குப் போகும் நாள், சமைக்கும் நேரம் ஆகியவற்றை ஒருமுறை தீர்மானித்து, ஒரு கல்விப் பருவம் முழுவதும் மாற்றாமல் வைத்திருங்கள்.

அரட்டை புரியாததற்கு உங்கள் மொழியறிவைக் குறைசொல்ல வேண்டாம். விரிவுரையில் ஒருவர் மட்டும், தெரிந்த பொருளைப் பற்றி, நிதானமாகப் பேசுகிறார். உணவகத்து இரைச்சலில் நால்வர் ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசும்போது, பின்னாளில் கற்ற மொழியைப் பின்தொடர்வது தாய்மொழியைப் பின்தொடர்வதைவிடக் கடினம். கூட்டத்தைத் தவிர்த்து ஒருவர் இருவரோடு அமைதியான இடத்தில் பேசிப் பழகுங்கள். புரியாதபோது சிரித்துச் சமாளிக்காமல் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். மாணவர்களைச் சந்திக்கவென்று பேராசிரியர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் ஐயம் கேட்கப் போவது அவருக்குத் தொந்தரவு அன்று. அந்த நேரம் அதற்காகவே இருக்கிறது.

உங்கள் நான்காவது மாதம் பூமியின் வடபகுதி நாடுகளின் குளிர்காலத்தில் வருகிறதென்றால் வெளிச்சக் குறைவையும் கணக்கில் கொள்ளுங்கள். பருவத்தோடு வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இலேயே விவரித்திருக்கிறார்கள். காலையில் சிறிது நேரம் வெளியே நடப்பது நல்லது. எனினும் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால், பல்கலைக்கழக உளவள ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் செல்லுங்கள்.

கேள்வி: நம் மொழி பேசுகிறவர்களோடு மட்டும் தங்கினால் ஊரோடு ஒட்டவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஸ்டீபன் பாக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1977-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் உண்டு: சொந்த நாட்டவரிடம் மன ஆறுதல் கிடைக்கிறது, படிக்கப் போன நாட்டவரிடம் படிப்புக்கும் வேலைக்கும் வேண்டிய உதவி கிடைக்கிறது, பிற நாட்டு மாணவர்களோடு பொழுது இனிமையாகக் கழிகிறது. முதல் வட்டம் இருப்பதில் தவறில்லை. அது மட்டுமே இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் சிக்கல் வரும்போது உங்களைப் போலவே விவரம் அறியாதவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மகளோடு தினமும் பேசினால்தான் எனக்கு மனம் ஆறுகிறது. இப்போதெல்லாம் அவள் இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறாள். பாசம் குறைந்துவிட்டதா?

பதில்: பாசத்தைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள், அம்மா. உங்களுக்கு ஓய்வான நேரம் அவளுக்கு வகுப்புக்கு ஓடும் நேரமாக இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், இருவருக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் ஒரு குரல் செய்தி போதும். உண்டாயா, உறங்கினாயா என்ற விசாரணையோடு நிறுத்தாமல், உங்கள் நாள் எப்படிப் போனது என்பதையும் சொல்லுங்கள். பதில் சொல்லும் கடமை மட்டும் இருக்கும் உரையாடல் யாருக்கும் சலிக்கும். சில நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றுவார்கள். அவள் இருக்கும் நாட்டில் அந்த வழக்கம் உண்டா என்று கேட்டுவைத்துக்கொண்டால், மாற்றிய வாரத்தில் அழைப்புக்காக வீணாகக் காத்திருக்க நேராது.