‘கடிப்பியா?’ என்று தலையணையை அடிக்கிறான்

வணக்கம் மேடம். ராயபுரத்தில் இருக்கிறோம். ஒரே ரூம், மேலே ஒரு பரண், அவ்வளவுதான் வீடு. வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏலம் விடும் இடத்தில் வேலை செய்கிறார், ராத்திரி ஒன்றரைக்கே லைட்டைப் போட்டுக் கிளம்புவார். பையனுக்கு மூன்றே முக்கால் வயது, பாப்பாவுக்கு எட்டு மாசம். பாப்பா பிறந்ததிலிருந்து இவனைச் சமாளிக்க முடியவில்லை. அடிக்கிறான், கிள்ளுகிறான், பாப்பா முடியைப் பிடித்து இழுக்கிறான். போனைக் கொடுத்தால்தான் அடங்குகிறான், நானும் கொடுத்துவிடுகிறேன், பால் கொடுக்கிற நேரத்தில் வேறு என்ன செய்ய? பதினொன்றரைக்குத்தான் தூங்குகிறான். அவர் கிளம்பும்போது முழித்துக்கொண்டால் மறுபடி கண் மூட ரெண்டரை ஆகிவிடும். ஏழு மணிக்கு நான் எழுப்பிவிடுவேன், பகலில் தூங்குவதே இல்லை. பேச்சும் ரெண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்து வரவில்லை.

போன வாரம் பால்வாடியில் ஒரு பெண் குழந்தையின் கையைக் கடித்துவிட்டான், பல் பதிந்துவிட்டது. அவள் அம்மா எங்கள் வாசலில் நின்று, ‘இப்பவே இப்படின்னா நாளைக்குப் பெரிய ரவுடியாத்தான் வருவான்’ என்று கத்தினார், தெருவே வேடிக்கை பார்த்தது. ஆத்திரத்தில் தோசைக் கரண்டியால் ரெண்டு வைத்தேன். அன்று ராத்திரி பார்த்தால் அதே கரண்டியை எடுத்து வந்து ‘கடிப்பியா? கடிப்பியா?’ என்று தலையணையை அடிக்கிறான், அப்படியே என் குரல். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்கிறார் மாமியார். கொழுந்தனார் பாக்ஸிங் போகிறவர், வந்தாலே ‘எங்க, சித்தப்பாவ ஒரு குத்து விடு’ என்பார், இவன் மூஞ்சியில் குத்துவான், எல்லோரும் சிரிப்பார்கள். இவனுக்கு மனசில் ஏதாவது கோளாறா? அந்த அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது?

– ஒரு தாய், ராயபுரம்

வணக்கம்மா. முதலில் அந்த ரவுடி என்ற வார்த்தையைத் தூக்கிப் போடுங்கள். வடசென்னை என்றாலே சினிமாக்காரர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வரும், அதை நாமே நம் பிள்ளைகள் மேல் ஏற்றிப் பார்ப்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். போட் கிளப் பங்களாவில் பிறந்த குழந்தையும் கடிக்கும். கை அதிகம் நீளுகிற வயதே ரெண்டு, மூன்றுதான். பேச்சு வர வர, பொறுக்கப் பழகப் பழக, பெரும்பாலான பிள்ளைகளிடம் இது குறைந்துவிடும். ஆத்திரத்தை அடக்குகிற நெற்றிப் பக்க மூளை முழுதாக வளர 25 வயது வரை ஆகும் என்கிறார்கள், நாலு வயதுகூட நிரம்பாதவனிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

தலையணை விஷயம். 1961-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், பிறகு அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னார்கள். உங்கள் பையன் செய்ததும் அதுதான், அது கோளாறு இல்லை. ஆனால் நீங்கள் அடித்ததில் அவன் கற்றுக்கொண்டது கடிக்கக்கூடாது என்பதை அல்ல, கோபம் வந்தால் கரண்டியை எடுக்க வேண்டும் என்பதை. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கையில் எட்டு மாசக் குழந்தையோடு வாசலில் அவ்வளவு பேச்சு வாங்கினால் யாருக்குத்தான் தாங்கும்?

சொல்லப் போனால் அவனுக்கு அடிப்பது நன்றாகப் பலிக்கிறது. அடித்தால் போன் வருகிறது, பாப்பா முடியை இழுத்தால் நீங்கள் ஓடி வருகிறீர்கள், சித்தப்பாவைக் குத்தினால் வீடே சிரிக்கிறது. அதே குத்து பால்வாடியில் விழுந்தால் மட்டும் உதை! எது சரி என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கொழுந்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், குத்து விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம், சாயங்காலம் ஒரு பந்தைக் கொடுத்து வெளியில் ஓடவிடட்டும்.

இனி கை ஓங்கினால் குனிந்து அந்தக் கையைப் பிடியுங்கள், ‘அடிக்கக்கூடாது, வலிக்கும்’ என்று மட்டும் சொல்லுங்கள், லெக்சர் வேண்டாம். பிறகு அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். போன் மட்டும் அந்த நேரத்தில் கிடையவே கிடையாது. முதல் சில நாள் இன்னும் அதிகமாக அடிப்பான், தரையில் புரளுவான், அப்போது மனசு கேட்காமல் ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டால் இன்னும் பலமாக அடித்தால் கிடைக்கும் என்று புரிந்துகொள்வான். அப்புறம், பாப்பா பக்கத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருக்கிற ரெண்டு நிமிஷத்தில் தலையைத் தடவிக் கொடுங்கள். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

தூக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், நடுவில் முழித்துக்கொள்கிற நாளில் ஆறரை மணி நேரம்தான். 3–4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும். தூக்கம் கெட்டால் பெரியவர்களே எரிந்து விழுகிறோம். வீட்டுக்காரர் சட்டை, பை எல்லாவற்றையும் ராத்திரியே கதவருகில் மாட்டி வைக்கட்டும், ட்யூப்லைட் வேண்டாம், போன் டார்ச் போதும். பையன் சுவரோரம் படுக்கட்டும். படுக்கிற நேரத்தை நாலு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பேச்சு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. இந்த வயதில் மூன்று நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். ‘எனக்குத் தா’ என்று சொல்ல வாய் வராத பிள்ளைக்குப் பல்தான் வரும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காதைப் பரிசோதியுங்கள், பேச்சுப் பயிற்சி தேவையா என்றும் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவைப் பால்வாடி வாசலில் எப்படியும் பார்ப்பீர்கள். விளக்கமெல்லாம் வேண்டாம், நீங்களே முதலில் போய் ‘பாப்பா கை இப்ப எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள், பையனும் கூட நிற்கட்டும். அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி அங்கே வைத்து உலுக்காதீர்கள்.