சுருட்டை விட்ட பிறகு சளி கூடியது ஏன்?

கேள்வி: டொக்டர், எனக்கு 54 வயது. சாவகச்சேரியில் இருக்கிறேன். 25 வருஷமாகச் சுருட்டுப் பத்தினேன். மகளின் கரைச்சல் தாங்காமல் ஆறு கிழமைக்கு முன் அடியோடு விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இருமலும் சளியும் முந்தியைவிடக் கூடிவிட்டது. "பழகின உடம்பு, ஒன்றைப் பத்து, சளி அடங்கும்" என்கிறார்கள் கூட்டாளிமார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் வாதனாளி என்னும் மூச்சுக்குழாயின் படத்தைக் காட்டி ஏதோ சொல்கிறாள், எனக்கு விளங்கவில்லை.

பதில்: ஐயா, பத்த வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். கூட்டாளிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: ஒன்றைப் பத்தினால் இருமல் அடங்கத்தான் செய்யும். ஏன் அடங்குகிறது என்று விளங்கினால் நீங்களே தொட மாட்டீர்கள். அதற்கு மகள் காட்டிய படத்துக்கே போவோம்.

வாதனாளி 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான குழாய். அது அமுங்காதபடி 16 முதல் 20 வரையான கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் தாங்குகின்றன. குதிரை லாடம்போல அவை பின்பக்கம் திறந்தவை. அந்த இடைவெளியில் தசை இருக்கிறது. இருமும்போது அது சுருங்கிக் குழாயை ஒடுக்க, காற்று வேகமாய்ப் பாய்ந்து சளியைத் தள்ளும்.

உங்கள் கேள்விக்கு விடை இருப்பது உள்ளே படிந்திருக்கும் மெல்லிய கலப் போர்வையான மேலணியில். நுணுக்குக்காட்டியில் கலங்களின் கருக்கள் மேலும் கீழுமாகத் தெரிவதால் பல படைகள்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கலமும் அடியிலுள்ள மெல்லிய சவ்வான அடிமென்சவ்வில் காலூன்றி நிற்கிறது. உள்ளது ஒரே படைதான். மகள் சோதனைக்கு இதைக் கட்டாயம் நினைவில் வைக்கட்டும். உயரமான கலங்களின் தலையில் நுண்ணிய மயிர்போன்ற பிசிர்கள் உண்டு. ஒரு கலத்தில் 200 முதல் 300 வரை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஆறேழு பங்கு நீளம். இடையிடையே நிற்கும் கிண்ணக்கலங்கள் சீதத்தை, அதாவது சளியைச் சுரக்கின்றன. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அந்தச் சீதத்தில் ஒட்டிக்கொள்ளும். தென்மராட்சி வயலில் காற்றுக்கு நெல் சாய்ந்தெழும்புகிற மாதிரி பிசிர்கள் செக்கனுக்குப் பத்துப் பதினைந்து தடவை அடிக்க, சீதப்படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றராக மேலேறித் தொண்டைக்கு வரும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். நித்திரையிலும் இந்த வேலை நிற்பதில்லை. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சுருட்டுப் புகை பட்டால் பிசிர்கள் முடங்கும், நாள்பட உதிரும். உயரமான கலங்கள் நின்ற இடத்தைத் தட்டையான செதிற்கலங்கள் அடுக்கடுக்காகப் பிடிக்கும். அவை புகையைத் தாங்கும், ஆனால் அவற்றில் பிசிர் இல்லை. புகை தொடர்ந்தால் இந்த மாற்றமே புற்றுநோய்க்கும் வழி திறக்கலாம். கிண்ணக்கலங்களோ பெருகும், கீழேயுள்ள சுரப்பிகளும் பருக்கும். சளி கூடிவிட்டது, கூட்டித்தள்ள ஆளில்லை என்ற நிலை.

நீங்கள் விட்டதும், அடிமென்சவ்வை ஒட்டியுள்ள அடிக்கலங்கள் பிரிந்து புதுக் கலங்களை உண்டாக்கத் தொடங்குகின்றன. பிசிர் திரும்ப முளைக்கிறது. தேங்கிக் கிடந்த சளி மேலே வருகிறது. புகையால் மரத்துப்போன இருமல் உணர்வும் விழித்துக்கொள்கிறது. இப்போது ஒன்றைப் பத்தினால் பிசிரும் இருமல் உணர்வும் திரும்ப மரத்துப்போகும். கூட்டாளிமார் "அடங்கும்" என்பது அதைத்தான்.

இந்த இருமல் சில கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்களில் தணியும். இருமலை அமுக்கும் பாணிமருந்து குடிக்காதீர்கள். சளி வெளியே வரட்டும். சுடுதண்ணீரோ மல்லித்தண்ணீரோ தொண்டைக்கு இதம் தரும். நுளம்புத்திரிப் புகையையும் வளவில் சருகு கொழுத்தும் புகையையும் தவிருங்கள்.

ஆனாலும், 25 வருஷம் பத்தியவரின் இருமலை இதுதான் என்று பார்க்காமலே நான் சொல்ல மாட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தாலே காசநோய்க்குச் சளி சோதிக்க வேண்டும். உங்களுக்கு ஆறு கிழமை. இந்தக் கிழமையே அரச வைத்தியசாலைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுங்கள்; அங்கே காசு இல்லை. சளியில் இரத்தம், மூச்சு முட்டல், மெலிவு, பின்னேரக் காய்ச்சல், மூன்று கிழமையாக மாறாத குரலடைப்பு இவற்றில் ஒன்றிருந்தாலும் இன்றைக்கே போங்கள். சளி கொடுக்கும்போது, விடிய எழும்பி வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுங்கள். வெறும் எச்சிலில் கிருமி தெரியாமல் போய்விடலாம்.