சுவரோரத்து மைதானம்: கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ், வட அயர்லாந்தின் அர்மா கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஒரு கேலிக் கால்பந்து கிளப். நான் அர்மாவுக்குக் குடிவந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து ஊர் கிளப்பில் என் பிள்ளைகள் இருவரும் ஆடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கு நானும் கை கொடுக்கிறேன். கிராஸ்மக்லென் எங்கள் கிளப் அல்ல, எங்களை எத்தனையோ முறை தோற்கடித்த கிளப். இருந்தாலும் அதன் கதைமேல் எனக்குத் தீராத பிரியம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கிளப் வேறு, கவுண்டி வேறு.

சேலம் வாசகர்: கேலிக் கால்பந்து என்பது அயர்லாந்துக்காரர்களின் சாக்கர்தானே?

இல்லை, இது தனி ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், ஆனால் நான்கு எட்டுக்கு மேல் ஏந்திக்கொண்டு ஓடக் கூடாது. அதற்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது காலால் தட்டிக் கைக்கே திரும்ப வாங்க வேண்டும். கம்பம் எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. ஸ்கோரை 1-12 என்று எழுதினால் ஒரு கோல், 12 புள்ளி, ஆக மொத்தம் 15. வளைவுக்கோட்டுக்கு வெளியே 40 மீட்டரிலிருந்து உதைத்து மேலே போட்டால் 2 புள்ளி என்ற விதி 2025இல்தான் வந்தது. பழைய ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்க்கும்போது அதைக் கலந்துவிடாதீர்கள்.

டொராண்டோ வாசகர்: கிளப் எப்போது தொடங்கியது? அப்போதே அகில அயர்லாந்துப் போட்டியில் ஆடினார்களா?

1887. இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கம் 1884 நவம்பர் 1ஆம் தேதி டர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் பிறந்தது. மைக்கேல் கூசாக்கும் மாரிஸ் டேவினும் அதில் முன்னே நின்றவர்கள்.

குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கவுண்டியில் ஜெயித்த கிளப்பே அந்தக் கவுண்டியின் பெயரில் அகில அயர்லாந்துக்குப் போகும். முதல் கால்பந்துப் பட்டத்தை லிமரிக் பெயரில் கொண்டுபோனது கமர்ஷியல்ஸ் என்ற கிளப். பிற்பாடு கவுண்டி அணிக்குப் பல கிளப்புகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் வழக்கம் வந்தது. கிளப்புகளுக்கென்று தனி அகில அயர்லாந்துப் போட்டி 1970-71 பருவத்தில்தான் தொடங்கியது. அதனால் கிராஸ்மக்லென் 'அகில அயர்லாந்து சாம்பியன்' என்று எங்காவது படித்தால் அது கிளப் போட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: சுமார் 1,600 பேர் வாழும் ஊர் இத்தனை கோப்பைகளை எப்படி வென்றது?

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அகில அயர்லாந்து கிளப் பட்டம் ஆறு முறை: 1997, 1999, 2000, 2007, 2011, 2012. அர்மா கவுண்டிக்குள் 1996 முதல் 2008 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் 13 பட்டம். 2009இல் அர்மா நகரத்து பியர்ஸ் ஓக் கிளப் அந்தச் சங்கிலியை அறுத்தது. அடுத்த ஆண்டே இவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆண்டுகளை எழுதும்போது கவனம் வேண்டும். கவுண்டிப் பட்டம் இலையுதிர் காலத்தில் முடியும். அகில அயர்லாந்து இறுதியோ அந்நாளில் மறு ஆண்டு மார்ச் 17, புனித பாட்ரிக் நாளில் நடக்கும். 1996இல் அர்மாவை வென்ற அணிதான் 1997 மார்ச்சில் டப்ளின் குரோக் பார்க்கில் மேயோ கவுண்டியின் நாக்மோர் அணியை வென்றது. இரண்டும் ஒரே ஓட்டம். இதை இரண்டாகப் பிரித்து எழுதியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எப்படி வென்றார்கள் என்பதற்கு என் பதில், குடும்பங்கள். முதல் மூன்று பட்டங்களின்போது பயிற்சியாளர் ஜோ கெர்னன். அவருடைய மகன்கள் ஆரன், டோனி, ஸ்டீபன், பால் பிறகு அதே கறுப்பு மஞ்சள் சட்டையைப் போட்டார்கள். மெக்கென்டி இரட்டையர்கள் ஜானும் டோனியும் 1997 அணியில் ஆடியவர்கள். 2011, 2012 பட்டங்களின்போது டோனி மெக்கென்டி, கேரத் ஓ'நீலுடன் சேர்ந்து பயிற்சியாளராக நின்றார். இந்த ஆட்டத்தில் கிளப் என்பது கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், எல்லையை ஒட்டியது. பிறந்த பங்கில்தான் பொதுவாக ஆடுவீர்கள், ஆளை வாங்கி விற்பது கிடையாது. ஒரு தலைமுறை நன்றாக ஆடிவிட்டால், அடுத்த தலைமுறை அதைத் தன் வீட்டுச் சமையலறையிலேயே கேட்டு வளரும்.

துபாய் வாசகர்: ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் கிடையாது. கிளப்பிலும் இல்லை, கவுண்டியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை 80,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கள் காலை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார், அல்லது கட்டட வேலைக்குப் போவார்.

மதுரை வாசகர்: மைதானத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. நான் இங்கே வந்து உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

கிராஸ்மக்லென் தெற்கு அர்மாவில், அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் ஊருக்குள் முகாம் போட்டது. முகாமின் சுவர் மைதானத்தை ஒட்டி எழுந்தது; கிளப் நிலத்தில் ஒரு பகுதியையும் ராணுவம் கையகப்படுத்தியது. ஆட்டம் நடக்கும்போதே ஹெலிகாப்டர் வந்து இறங்கும். இறக்கைக் காற்றில் மைதானமே அதிரும், நடுவர் ஊதி நிறுத்துவார், எல்லாரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். உயரமாகப் போன பந்து சுவரைத் தாண்டி முகாமுக்குள் விழுந்தால் அது போனதுதான்.

கிளப் வேறிடம் போயிருக்கலாம், போகவில்லை. அந்த மைதானத்தின் பெயர் புனித ஆலிவர் பிளங்கெட் பார்க். 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட அர்மா பேராயரின் பெயர் அது. நிலத்தைத் திரும்பப் பெற வழக்கு, மனு, பேச்சுவார்த்தை என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். வட அயர்லாந்து மோதலை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் நிலம் கைக்கு வரத் தொடங்கியது. 1997, 1999, 2000 கோப்பைகளை வென்ற அணி பயிற்சி எடுத்தது ராணுவக் கண்காணிப்புக் கோபுரத்தின் பார்வைக்குக் கீழேதான். வட அயர்லாந்தில் ராணுவ நடவடிக்கை 2007 ஜூலை 31இல் முறைப்படி முடிந்தது. அந்த ஆண்டோடு முகாமும் போனது.

நான் முதன்முறை அங்கே ஆட்டம் பார்க்கப் போனபோது சுவர் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கையிலிருந்த குடையை நீட்டி, 'அந்த மூலையில் இருந்து தப்பான கோணத்தில் உதைக்காதே என்று எங்களுக்குச் சொல்லுவார்கள், பந்து போய்விடும்' என்றார். முகாம் போய் இத்தனை காலம் ஆகியும் அவர் குடை சரியாக அந்த இடத்தைக் காட்டியது.

லண்டன் வாசகர்: சரி, ஆனால் இதே சங்கம்தானே போலீஸ்காரர்களையும் ராணுவ வீரர்களையும் உறுப்பினராக விடாமல் தடுத்தது? இது வகுப்புவாதம் இல்லையா?

விதி 21ஐக் கேட்கிறீர்கள். ஆம், பிரிட்டிஷ் படைகளிலும் வட அயர்லாந்துப் போலீசிலும் இருப்பவர்கள் சேர முடியாது என்றது அந்த விதி. போலீஸ் உளவாளிகள் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்த 19ஆம் நூற்றாண்டு அச்சத்தில் வேர்விட்டது அது. 1999இல் போலீஸ் சீர்திருத்தத்துக்கான பாட்டன் அறிக்கையே இதை நீக்கச் சொன்னது. 2001 நவம்பரில் சங்கம் நீக்கியது. நீக்கியது சரி என்பதே என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை: சாக்கர், ரக்பி ஆடுபவர்களுக்கு விதித்த தடை வேறு விதி, அது 1971லேயே போய்விட்டது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

லண்டன் வாசகர் மீண்டும்: அப்படியானால் 2001இல் அர்மா ஏன் எதிர்த்து வாக்களித்தது? 'சரி' என்றால் எல்லாரும் ஏற்றிருக்க வேண்டுமே.

வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் டவுன் என்ற கவுண்டி மட்டுமே நீக்கத்தை ஆதரித்தது, மற்ற ஐந்தும் எதிர்த்தன. தெற்கின், அதாவது அயர்லாந்துக் குடியரசின், வாக்குகளால்தான் விதி போனது. முகாமுக்கு அருகே வாழாதவர்களுக்கு அந்த வாக்கு எளிது. தன் மைதானத்து மூலையில் ராணுவச் சுவர் நின்ற ஊரிடம், சுவரைக் கட்டியவர்களை உறுப்பினராக ஏற்றுக்கொள் என்றால் உடனே தலையாட்ட முடியுமா? அவர்கள் எதிர்த்ததை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் காரணம் எனக்குப் புரிகிறது.

பெல்ஃபாஸ்ட் வாசகர்: நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன். இங்கே போலீசில் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிளப்பிலேயே ஆட முடியாமல் நின்றார்களே, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை?

நியாயமான கேள்வி. மேலே நானே சொல்லியிருக்க வேண்டும். அந்த விதியால் அதிகம் அடிபட்டவர்கள் அவர்களே. பங்கில் பிறந்து, சிறுவயதில் அதே சட்டையைப் போட்டு, வேலை காரணமாக வெளியே நிற்க நேர்ந்தது பெரிய இழப்பு. 2002இல் வட அயர்லாந்துப் போலீசுக்கே ஒரு கேலிக் அணி வந்தது, தெற்கின் போலீஸ் அணியோடு ஆடியது. லண்டன் நண்பருக்கும் இதுவே பதில். இத்தோடு விதி 21ஐ முடித்துக்கொள்வோம், வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

சென்னை வாசகர்: பெரிய ஆட்டக்காரர்கள் எவ்வளவு சம்பாதிப்பார்கள்?

துபாய் வாசகருக்குச் சொன்னதுதான். சம்பளம் இல்லை.

திருச்சி வாசகர்: 2024இல் அகில அயர்லாந்தை வென்றது கிராஸ்மக்லென்தானே?

இல்லை. வென்றது அர்மா கவுண்டி. கால்வே கவுண்டியை 1-11, 0-13 என்று, ஒரே புள்ளி வித்தியாசத்தில். கிளப் வேறு, கவுண்டி வேறு.

ஆனால் அர்மா கவுண்டியின் 2002 வெற்றியில் கிராஸ்மக்லெனின் பங்கு பெரிது, அதைச் சொல்லாமல் விட முடியாது. அர்மா 1953இலும் 1977இலும் இறுதியில் தோற்றது. 1977இல் டப்ளினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டும் தோற்ற ஜோ கெர்னன், 2002இல் அர்மாவின் மேலாளர். கெர்ரிக்கு எதிரான இறுதியில் இடைவேளையின்போது அர்மா பின்தங்கியிருந்தது. கிராஸ்மக்லெனின் ஓஷீன் மெக்கான்வில் பெனால்டியையும் தவறவிட்டிருந்தார். கெர்னன் 1977இல் தோற்றவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பலகையை உடை மாற்றும் அறைக்குக் கொண்டுவந்திருந்தார். அதைச் சுவரில் வீசி எறிந்தார். இரண்டாம் பாதியில் அதே மெக்கான்வில் கோல் போட்டார். 1-12, 0-14. அதுவும் ஒரு புள்ளி வித்தியாசம். அர்மாவின் முதல் பட்டம் அது.

புதுச்சேரி வாசகர்: பெண்கள் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள், நன்றாகவே. பெண்களுக்கான சங்கம் 1974இல் தனியாகத் தொடங்கியது. அதன் வரலாறு தெரிந்த ஒருவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

நெல்லை வாசகர்: ஹர்லிங் பற்றி?

அது மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் இன்னொரு கேலிக் ஆட்டம், என் துறை அல்ல. டிப்பரரி, கில்கெனி பக்கம் கேளுங்கள்.

ஓமான் வாசகர்: கோப்பை வென்றால் பரிசுத் தொகை ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்களா?

மூன்றாவது முறை. இல்லை. கையில் பதக்கம் வரும். கிளப்புக்குப் போகிற கோப்பைக்கு ஆண்டி மெரிகன் கோப்பை என்று பெயர், சின்ன வயதில் இறந்த வெக்ஸ்ஃபோர்டு ஆட்டக்காரரின் நினைவாக.

டப்ளின் வாசகர்: போய்ப் பார்க்கலாமா? எப்போது போனால் நல்லது?

தாராளமாக. டண்டாக் வரை மோட்டார்வே, அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அர்மா கிளப்புகளுக்கிடையே கவுண்டிப் பட்டத்துக்கான போட்டி நடக்கும் கோடைக் கடைசியில் போங்கள், நுழைவுச் சீட்டு கிடைக்கும். ஓரமாகப் பெரியவர்கள் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள், பேச்சுக் கொடுத்தால் சுவர் எங்கே இருந்தது என்று அவர்களே காட்டுவார்கள். மழைச்சட்டை மறக்காதீர்கள், அங்கே எல்லா மாதமும் மழைதான்.