கூடைப்பந்தும் வாலிபாலும் ஆடி கோச் ஆனவரிடம் சில கேள்விகள்

கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணி, வாலிபால் அணி இரண்டிலும் ஆடினேன். இப்போது இரண்டுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கூடைப்பந்து ஆடுபவள். வாலிபாலில் பிளாக் போட, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை நெட் மேலேயே கையால் தடுக்க, ஏறினால் கை நெட்டில் பட்டுவிடுகிறது. உயரம் பத்தவில்லையா?

பதில்: உயரம் இல்லைம்மா, பழக்கம். பெண்களுக்கு நெட் 2.24 மீட்டர்தான். கூடைப்பந்தில் எதிராளியின் ஷாட்டைக் கையை வீசித் தட்டுகிறோம். அதே வீச்சை நெட் முன்னால் செய்தால் கை நெட்டில்தான் விழும். இங்கே வீச்சே கூடாது. கைகள் தோளுக்கு முன்னாலிருந்து நேராக மேலே போய், விரல் விரிந்து, நெட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீள வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று குதித்துப் பார். கை சுவரை அறைந்தால் இன்னும் வீசுகிறாய் என்று அர்த்தம். அப்புறம், அடிப்பவள் எழும்பிய பிறகுதான் நீ எழும்ப வேண்டும். எனக்கு இது படிய ஒரு சீசன் முழுக்க ஆனது.

கேள்வி: இரண்டையும் ஒரே வருடத்தில் ஆடினால் முட்டி தாங்குமா?

பதில்: குதிப்பதைக் கணக்கு வைத்தால் தாங்கும். ஒரே நாளில் இரண்டு பயிற்சி என்றால் ஒன்றில் குதிப்பதைக் குறையுங்கள். நான் அதைவிடப் பயப்படுவது ஏசிஎல் என்கிற முட்டித் தசைநார் கிழிவுக்கு. இந்த மாதிரி ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, தரையிறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோதான் நடக்கும். குதித்து இறங்குவதைப் போனில் முன்பக்கமிருந்து படம் எடுங்கள். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள், குதித்து ஓங்கி அடிக்கும் ஸ்பைக் அப்புறம். வீக்கம் இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மேடம், ஆடியவர் கோச் ஆகும்போது எது கஷ்டம்?

பதில்: பந்தைப் பார்க்காமல் இருப்பது! ஆடும்போது கண் பந்தோடு ஓடிப் பழகிவிட்டது. கோச் ஆன முதல் வருடம் டிக்கெட் வாங்கி வந்தவர் மாதிரி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணி ஒரே மூலையில் திரும்பத் திரும்ப அடித்துப் பாயின்ட் எடுத்தது. அங்கே நின்ற பெண் இரண்டடி முன்னால் வந்து நிற்கிறாள் என்பது செட் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது, அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கையை விட்டுப் பந்து போனதும் என் கண் பின்வரிசைக்குப் போய்விடும்.

டைம் அவுட்டும் அப்படித்தான். வாலிபாலில் 30 விநாடி. தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் பாதி போய்விடும். நான் ஐந்து விஷயம் சொல்வேன், அவர்கள் ஷூ லேஸைப் பார்ப்பார்கள். இப்போது ஒன்றே ஒன்று சொல்கிறேன். "நான் ஆடும்போது" என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: நேற்று வரை டீம்மேட், இன்று நான் கோச். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். விடலாமா?

பதில்: விடுங்கள். ஆனால் யாரை பெஞ்சில் உட்கார வைக்கிறீர்களோ, அவளிடம் மேட்ச்சுக்கு முன்னாடியே நேரில் காரணம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆட்டத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?

பதில்: உண்டு. இரண்டும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஒய்எம்சிஏவில் பிறந்தவை. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அது சிலருக்கு முரட்டுத்தனமாகப் பட்டதால் 1895-ல் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலைக் கொண்டுவந்தார். ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் செண்டா பெரன்சன். ஓடிக் களைத்துவிடக் கூடாதென்று மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியிலேயே நிற்க வைத்தார். என் பெண்கள் முழு மைதானத்திலும் எதிராளியை விடாமல் நெருக்கி பிரஸ் போடுவதை அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ!

கேள்வி: மகளுக்கு 12 வயது. எந்த ஆட்டத்தில் சேர்ப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் ஆடட்டும் சார். கூடைப்பந்து வாங்கினால் ஆண்கள் ஆடும் 7-ஆம் அளவு மட்டும் வேண்டாம். பெண்களுக்கு 6, கை சிறியது என்றால் 5. பெரிய பந்தை இடுப்பிலிருந்து தூக்கி வீசிப் பழகிவிட்டால், அதைத் திருத்த என்னைப் போல ஒருத்திதான் மல்லுக்கட்ட வேண்டும்.