ஸ்பிரிங்கை வெட்டலாமா?

கேள்வி: என் இசுஸு வி-கிராஸ் 4x4 பிக்கப் வண்டி காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. ஸ்பிரிங்கை வெட்டி 2 அங்குலம் இறக்கினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? - வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். வெட்டுவதற்கு அங்கே சுருள் ஸ்பிரிங் இருப்பது முன்னால் மட்டும்தான், உங்களுக்குக் குதிப்பதோ பின்னால்! பின்னால் இருப்பது பாரம் தாங்கச் செய்த பட்டை ஸ்பிரிங், காலியாகப் போனால் குதிக்கத்தான் செய்யும். முன்பக்கத்தை இறக்கினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை சீக்கிரம் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே புகுந்து, திருப்பும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம் வரும். அப்புறம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு இருக்கிறது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். முதலில் டயர் காற்றையும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள்.