ஏபி அமெரிக்க வரலாறு: தேர்வு முடிந்ததும் விடைகளை ஒப்பிடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் மே மாதம் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) அமெரிக்க வரலாறு தேர்வு எழுதினாள். அன்று மாலையே தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் விடைகளை ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாறு கொள்குறி வினாக்களில் தன் விடை தவறு என்று முடிவுகட்டி, மதிப்பெண்ணையே ரத்து செய்துவிடலாமா என்று கேட்கிறாள். என்ன செய்வது?

பதில்: ரத்து செய்ய வேண்டாம். அதற்கு முன், அந்தக் குழுவில் கொள்குறி வினாக்களைப் பற்றி அவள் பேசுவதை இன்றே நிறுத்தட்டும். தேர்வை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டின் விதிப்படி அவற்றை யாரோடும் எப்போதும் பேசக் கூடாது. எழுத்து வினாக்களைப் பேசலாம். ஆனால் தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து அவை காலேஜ் போர்டின் தளத்தில் வெளியான பிறகுதான். வெளியாகாத வினாத்தொகுப்பு என்றால் அதையும் பேசக் கூடாது. மீறுவோரின் மதிப்பெண்ணை ரத்து செய்யும் அதிகாரம் காலேஜ் போர்டுக்கு உண்டு. குழுவில் போட்ட செய்தியை யார் எங்கே அனுப்புவார்கள் என்று உங்கள் மகளால் சொல்ல முடியாது.

விதி ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒப்பீட்டை நம்பவும் முடியாது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் வருவதில்லை. கொள்குறி வினாக்கள் தனித்தனியாக வராமல், ஒரு பத்தியையோ படத்தையோ ஒட்டி மூன்று நான்காக வரும். 1830-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடியினரை வெளியேற்றுவது குறித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நோக்கம் என்ன, விளைவு என்ன, யார் எதிர்த்திருப்பார்கள் என மூன்று வினாக்கள் கேட்கலாம். மாலையில் 'ஜாக்சன் கேள்விக்கு என்ன போட்டாய்?' என்று பேசிக்கொள்ளும் இருவர் வெவ்வேறு வினாக்களை மனதில் வைத்திருப்பார்கள். உறுதியாகப் பேசுபவரின் விடைதான் சரி என்று குழு ஏற்றுக்கொள்ளும்.

இனி கணக்குக்கு வருவோம். 55 கொள்குறி வினாக்களுக்கு மொத்த மதிப்பில் 40 சதவீதம். ஆகவே ஒரு வினா 0.73 சதவீதம். மூன்று குறுவிடைகளுக்கு 20 சதவீதம்; டிபிக்யூ எனப்படும், கொடுக்கப்பட்ட ஆவணங்களை வைத்து எழுதும் ஆவணக் கட்டுரைக்கு 25; நீள்கட்டுரைக்கு 15. ஆவணக் கட்டுரைக்கு 7 புள்ளிகள் என்பதால் அதில் ஒரு புள்ளியே ஏறத்தாழ 3.6 சதவீதம். உங்கள் மகள் வருந்தும் ஐந்து வினாக்களும் உண்மையிலேயே தவறாக இருந்தாலும், ஆவணக் கட்டுரையில் ஒரு புள்ளி அதை ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை.

கட்டுரைகளில் 'சரியான விடை' என்று ஒன்று கிடையாது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி ஒருத்தி, கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் தந்த 14, 15-ஆம் திருத்தங்களால் அரசியலமைப்பு நிலையாக மாறியது என்று வாதிடுவாள். இன்னொருத்தி, 1877-ல் தென்மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைகள் விலக்கப்பட்டதும் அந்த உரிமைகள் காகிதத்தோடு நின்றன என்பாள். இருவருக்கும் முழுப் புள்ளி கிடைக்கலாம். நீள்கட்டுரையில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால், தோழி எழுதியது வேறு கட்டுரையாகவே இருக்கலாம். வாதத்தைக் கெடுக்காத சிறு பிழைகளுக்காகப் புள்ளி போகாது. லூசியானா வாங்கப்பட்டது 1803 என்பதை 1804 என்று எழுதியதற்காக அழ வேண்டியதில்லை.

அவளுக்குப் பயன்படும் ஒப்பீடு, எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணையோடு செய்வதுதான். ஆவண வினா வெளியானதும் அதைத் திறந்து, தான் எழுதியதை நினைவிலிருந்து குறிப்பாக எழுதிக்கொள்ளட்டும். கட்டுரையின் மைய வாதம் வினாவையே திருப்பிச் சொல்லாமல் ஒரு நிலைப்பாட்டையும் அதற்கான காரணத்தையும் முன்வைத்ததா? ஆம் என்றால் 1. பின்னணியை ஒற்றைச் சொற்றொடரில் தொட்டுவிட்டுப் போகாமல் விளக்கினாளா? 1. ஏழு ஆவணங்களில் மூன்றின் உள்ளடக்கத்தைத் தலைப்போடு பொருத்திச் சொன்னால் 1. நான்கைத் தன் வாதத்துக்குச் சான்றாக்கினால் அந்த 1-க்குப் பதிலாக 2. மேற்கோளை அப்படியே எடுத்துப் போட்டது கணக்கில் வராது, பலர் புள்ளி இழப்பது இங்கேதான். ஆவணங்களில் இல்லாத ஒரு வெளிச்சான்றுக்கு 1. இரண்டு ஆவணங்களில் எழுதியவரின் பார்வை, நோக்கம், சூழல், வாசகர் ஆகியவற்றில் ஒன்று வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்கியதற்கு 1. 'இவர் ஒருதலைப்பட்சமானவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் கிடைக்காது. சிக்கலான புரிதலுக்கான கடைசிப் புள்ளியை எண்ணாமல் விட்டுவிடுங்கள், அதைத் தானே கணிப்பது கடினம்.

ஏபி மதிப்பெண் 1 முதல் 5 வரை; இதை வைத்தும் 5 வருமா, 4 வருமா என்று சொல்ல முடியாது. எத்தனை புள்ளிக்கு எந்த மதிப்பெண் என்ற எல்லைக்கோடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூலையில் முடிவு வரும். ரத்து செய்த மதிப்பெண் திரும்பவே வராது. வந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலான கல்லூரி விண்ணப்பங்களில் அதைக் குறிப்பிடாமலே இருக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு அனுப்புவதே அவளுக்கு நிம்மதி என்றால், ஜூன் 20 வரை ஒரு கல்லூரிக்குக் கட்டணமின்றி அனுப்பும் வாய்ப்பை இந்த ஆண்டு பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.